இரண்டாவது கையெழுத்து

கார்வின் கல்லூரியிலிருந்து வந்த உறை நல்ல கனமாக இருந்தது. உள்ளே இருந்த சேதிக்கு அவ்வளவு கனம் இல்லை, தாளுக்குத்தான் கனம். மயக்க மருந்து நர்ஸ் படிப்பு ஒன்றைக் கல்லூரி புதிதாகத் தொடங்குகிறது. முதல் வகுப்பில் பன்னிரண்டே பேர். அவர்கள் மாணவர்கள் அல்ல, 'ஸ்தாபகர்கள்'. அவர்கள் பெயர் வாசலில் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்படும். நான்காம் பக்கத்தின் அடியில், எறும்புக்குத்தான் கண்ணில் படும் என்கிற அளவு எழுத்தில், படிப்பு 'அங்கீகாரத்தின் பாதையில் உள்ளது' என்று போட்டிருந்தது. பாதை எத்தனை மைல் என்று போடவில்லை.

ஜோலீன் ஹ்ராடெக் சமையலறை மேஜையில் அதை மூன்று முறை படித்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. எண்பது மைல் காரோட்டிப் போய்ப் பெரிய ஊர் மருத்துவமனையின் இதய ஐ.சி.யு.வில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். மயக்க மருந்து நர்ஸ் ஆக வேண்டும் என்று பழைய பள்ளிக்கு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் மிக மரியாதையான கடிதம் வாங்கியிருந்தாள். அங்கே இருபது இடத்துக்கு முந்நூறு பேர் நிற்பார்கள்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. டெக்ஸ்டர் க்ரீக் என்கிற அவளுடைய ஊரிலும் ஒரு சின்ன மருத்துவமனை உண்டு. ஆபரேஷன் மேஜை உண்டு, விளக்கு உண்டு, கத்தி பிடிக்கத் தெரிந்த சர்ஜனும் உண்டு. தூங்க வைக்கத்தான் ஆள் இல்லை. நெப்ராஸ்காவின் இந்த மூலைக்கு வர யாரும் தயாராக இல்லை. அதனால் ஆபரேஷன் அறையைப் பூட்டி, மருத்துவமனையின் கிறிஸ்துமஸ் மரத்தை அதில் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய மாமனாருக்குக் குடல்வால் வெடித்தபோது, மேஜையும் விளக்கும் சர்ஜனும் இருக்கும் கட்டடத்தைத் தாண்டித்தான் ஆம்புலன்ஸ் பெரிய ஊருக்குப் போனது. எழுபதாவது மைலில் அவர் போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜோலீன்தான்.

அங்கீகாரம் இல்லாத படிப்பின் கதை என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு மாதம் வேறு வேலை பார்க்க முடியாது. முடித்த பிறகு அங்கீகாரம் வரவில்லை என்றால் தேசியத் தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாதவர் ஒரு பூனையைக்கூடத் தூங்க வைக்கக் கூடாது. மூன்று வருஷம் போய், வேலையும் போய், கையில் பித்தளைத் தகடு மட்டும் மிஞ்சும்.

ஆனாலும் எல்லாப் பள்ளியும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே, யாரோ முதல் வகுப்பில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கல்லூரியின் தகவல் நாளுக்குக் கிளம்பிப் போனாள்.

கட்டடம் முன்பு மெத்தைக் கடையாக இருந்தது. ஆக, ஆட்களைத் தூங்க வைக்கும் தொழில் அந்தச் சுவர்களுக்குப் புதிதல்ல. வாசலில் பித்தளைத் தகடு ஏற்கனவே மாட்டப்பட்டு, பெயர்கள் இல்லாமல் பளபளத்தது. சேர்க்கை அலுவலகத்தைச் சேர்ந்த வெண்டி ப்ரோகாப் என்ற பெண் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். அவளும் நர்ஸ்தானாம், முதுகு வலியால் வார்டை விட்டு இங்கே வந்தவளாம். ஜோலீனின் பெயர் அட்டையைச் சட்டையில் குத்திவிடும்போது அவள் விரல் நடுங்கியதை ஜோலீன் கவனித்தாள். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

முதல்வர் டாக்டர் லெலண்ட் விட்லாக் மேடை ஏறினார். அவருடைய டாக்டர் பட்டம் கல்லூரி நிர்வாகத்தில் வாங்கியது. மனித உடம்போடு அவருக்கு இருந்த தொடர்பு, ஒன்று சொந்தமாக வைத்திருந்ததுதான்.

"நம்ம புள்ளிவிவரத்தை முதல்ல சொல்லிடறேன்," என்றார். "இன்னிக்கு வரைக்கும் நம்ம மாணவர் ஒருத்தர்கூடத் தேர்வுல தோத்ததில்ல. நம்ம மாணவர் கையில ஒரு நோயாளிகூட இறந்ததில்ல. நாட்டுல எந்தப் பழைய பள்ளியாவது இப்படி நெஞ்சை நிமித்திச் சொல்ல முடியுமா?"

முடியாதுதான். பழைய பள்ளிகளில் மாணவர்கள் இருந்தார்கள்.

நாற்பது நிமிடம் பேசினார். தொலைநோக்கு என்ற சொல் பதினேழு முறை வந்தது, நோயாளி ஒரே முறை. கடைசியில் கையை விரித்து, "வெளியில பாருங்க, உள்ள பாருங்க, இங்க எல்லாமே எவ்வளவு அமைதியா இருக்கு," என்றார்.

கூடத்தில் இருந்த நர்ஸ்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நெளிந்தார்கள். வார்டில் 'அமைதி' என்கிற சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்ன பத்தாவது நிமிடம் எங்காவது ஒரு இதயம் நிற்கும். ஜோலீனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கெட்டது வராமலிருக்க நாற்காலியின் மரத்தை இரண்டு விரலால் தட்டிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, அங்கீகாரம் எப்போது வரும் என்று கேட்டாள். அங்கீகார மன்றத்திலிருந்து பார்வையாளர்கள் நவம்பரில் வருகிறார்கள், வந்து பார்த்ததும் வரும் என்றார் முதல்வர். பார்த்துவிட்டுத் தராவிட்டால் என்று கேட்டாள். கேள்விகளுக்கென்று ஒரு குழு இருப்பதாகவும், எழுத்தில் கொடுத்தால் அது பரிசீலிக்கும் என்றும் பதில் வந்தது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்றாள். மாணவர் பிரதிநிதி கிடைத்தவுடன் குழு அமைக்கப்படும் என்றார். மாணவர் எப்போது வருவார் என்று கேட்க வாயெடுத்தவள், இது மாட்டுவண்டிச் சக்கரம்போல் திரும்ப அங்கேயே வந்து நிற்கும் என்று புரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து பயிற்சி அறை. படிப்பின் இயக்குநர் டாக்டர் மெரிடித் ஸ்லோன் அழைத்துப் போனாள். அந்தக் கட்டடத்தில் நிஜமாகவே மயக்க மருந்து கொடுத்த ஒரே ஆள் அவள்தான். கடைசியாகக் கொடுத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அறையின் நடுவில் மேஜைமேல் ஒரு பொம்மை, கழுத்துவரை போர்வை போர்த்திப் படுத்திருந்தது. பெயர் ஹரோல்ட். தலைமாட்டில் மானிட்டர் பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. எல்லோரும் ஆஹா என்றார்கள். ஜோலீனின் கை, பதினோரு வருஷப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே பொம்மையின் கழுத்துக்குப் போனது. நாடி இல்லை. மார்பு எழும்பவில்லை. வாயைத் திறந்து பார்க்கலாம் என்றால், உதடு ஒட்டி வார்த்த ஒரே ரப்பர். துணிக்கடை ஜன்னலில் கோட்டு மாட்டி நிற்கிற ஜாதி அது. மானிட்டரின் வயர் மேஜைக்கு அடியில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்தது வெறும் படம்.

"இவருக்கு நாடி இல்லியே," என்றாள்.

"ஆனா நிலைமை சீரா இருக்கு, பாருங்க," என்று இயக்குநர் திரையைக் காட்டினாள்.

ஜோலீன் திரும்பித் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. உயிருள்ள மனிதனுக்கு அந்த எண் இருமினால் குறையும், மூச்சிழுத்தால் ஏறும், ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இது அசையவே இல்லை. செத்தவனின் தலைமாட்டில் நின்று நன்றாக இருக்கிறான் என்று இத்தனை பேர் தலையாட்டுவதை அவள் எந்த ஐ.சி.யு.விலும் பார்த்ததில்லை.

வந்தது வந்தாகிவிட்டது என்று நேர்காணலையும் அன்றே வைத்தார்கள். ரத்த அழுத்த மருந்துகள், மூச்சுக் கருவி, இதயத்தின் மின்கோடுகள் என்று அவள் ஆறு வாரம் படித்துக்கொண்டு போயிருந்தாள். அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி. ஆதாரம் எதுவும் இல்லாமல் ஒன்றை நம்பிய அனுபவத்தை விவரிக்கவும். குழுப் படத்தில் முன்வரிசையா, பின்வரிசையா. காருக்குப் போய்ச் சாவியைத் திருப்புவதற்குள் வெண்டி ப்ரோகாப் மூச்சிறைக்க ஓடி வந்து ஜன்னலைத் தட்டி, அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். பதினோரு இடம் நிரம்பிவிட்டது, இது பன்னிரண்டாவது என்றாள். ஒரே நிபந்தனை: நவம்பர் பார்வையாளர் நாளில் கட்டாயம் வர வேண்டும், அன்று காலைக்குள் இப்போதைய வேலையை ராஜினாமா செய்த அத்தாட்சியும் கொண்டுவர வேண்டும். அர்ப்பணிப்பைப் பார்வையாளர்கள் பார்க்க வேண்டுமாம்.

ஐ.சி.யு.வில் பெர்னிஸ் கோஸ்டல் கடிதத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள். பெர்னிஸ் அங்கே முப்பது வருஷம். ஷிஃப்டில் இருவரும் எப்போதும் ஜோடி.

"ஏன்டி, என் முதல் புருஷன்கூட கல்யாணத்துக்கு முன்னாடி, வேலை கிடைக்கிற பாதையில இருக்கேன்னுதான் சொன்னான். பதினாலு வருஷம் பாதையிலயே இருந்தான்."

"அவங்க குடுக்கலைன்னா வேற யாரும் எனக்கு இடம் குடுக்கப் போறதில்ல, பெர்னிஸ்."

"அது நெஜம்தான்," என்றாள் பெர்னிஸ். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. கையில் மிச்ச வலி மருந்து இருந்த ஊசியைத் தூக்கிப் பிடித்து, "வந்து பாரு," என்றாள்.

இது அவர்கள் தொழிலின் சட்டம். போதை தரும் மருந்து ஒரு சொட்டு மிஞ்சினாலும் இன்னொரு நர்ஸின் கண் முன்னால்தான் கொட்ட வேண்டும். கொட்டியவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் இரண்டாவது கையெழுத்து. அவசரத்தில் எத்தனையோ பேர், கொட்டிவிட்டேன், சும்மா போட்டுவிடு என்பார்கள். எத்தனையோ பேர் போடுவார்கள். ஜோலீனும் ஒரு காலத்தில் போட்டாள். எலியட் ரூஸ் என்று ஒரு நர்ஸ். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், அவள் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து சிநேகம். ஒரு வாரத்தில் நான்கு முறை, பார்க்காமலே போட்டுக்கொடுத்தாள். அடுத்த மாதம் ஊழியர் கழிவறைக் கதவை உடைத்துத்தான் அவனை எடுத்தார்கள். கொட்டாமல் வைத்துக்கொண்ட மருந்தின் ஊசி இன்னும் கையில் இருந்தது, உயிர் இல்லை. அவன் முகத்தைத் துடைத்தவள் ஜோலீன். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவள் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

பெர்னிஸின் ஊசியிலிருந்து கடைசிச் சொட்டு தொட்டியில் விழும்வரை நின்று பார்த்துவிட்டு ஜோலீன் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் கர்ட் வேறு மாதிரி. தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த ரன்ஸா ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, "ஜோ, நீ மயக்க மருந்து படிக்கப் போறியா, இல்ல அவங்க உனக்குக் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் ரொட்டியைக் கீழே வைத்தான். "நம்ம ஊர்லயே ஏன் நிறுத்தலைன்னு அப்பா அந்த ஆம்புலன்ஸ்ல உன்கிட்ட கேட்டது எனக்குத் தெரியும். நீ போ. வீட்டை நான் பாத்துக்கறேன்."

ராஜினாமாக் கடிதத்தை எழுதி உறையிலிட்டாள். பார்வையாளர் நாள் காலையில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கார்வினுக்குப் போனாள். மேலாளரிடம் இன்னும் கொடுக்கவில்லை. இந்த ஒன்றையும் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

பயிற்சி அறையில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீல உடை. ஜோலீன் உட்கார்ந்து இடமும் வலமும் பார்த்தாள். வலது பக்கம் வெண்டி ப்ரோகாப், நீல உடையில். இடது பக்கம் இருந்தவனைத் தகவல் நாளில் கார் நிறுத்துமிடத்தில் வண்டிகளுக்குக் கை காட்டி வழி விட்டபடி பார்த்த ஞாபகம். அதற்கு அடுத்தவளிடமிருந்து சமையலறையின் வறுத்த வெங்காய வாசனை வந்தது. விண்ணப்பித்து வந்தவர்கள் என்று தேடினால் அவளோடு சேர்த்து மூன்று பேர் தேறினார்கள். மூவரிடமும், தாங்கள்தான் பன்னிரண்டாவது என்று சொல்லப்பட்டிருந்தது.

பார்வையாளர்கள் இருவர், சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும். ஹரோல்டைக் கடந்து போகும்போது அந்தப் பெண் திரையைப் பார்த்து, திருப்தியோடு ஏதோ குறித்துக்கொண்டாள். இருவரும் மேஜையில் உட்கார்ந்து கோப்புகளைக் கேட்டார்கள்.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறோம்," என்றாள் அந்தப் பெண். "நாங்க மயக்க மருந்து குடுக்கறதைப் பார்க்க வரல. குடுத்ததைப் பார்த்ததுக்கான ஆவணத்தைப் பார்க்க வந்திருக்கோம். ஆவணம் இருந்தா, பார்த்த மாதிரிதான்."

முதல்வர் கண் கலங்கிப்போனார். தன்னைப் புரிந்துகொண்ட ஒருவரை அவர் வெகுகாலமாகத் தேடியிருக்க வேண்டும்.

கோப்பு வந்தது. மாணவர்கள் பயிற்சி பெறப் போகும் நான்கு மருத்துவமனைகள் நேரில் பார்க்கப்பட்டன என்ற உறுதிமொழி. கீழே முதல்வரின் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு: சாட்சி, ஸ்தாபக மாணவர். இயக்குநர் பேனாவைத் திறந்து ஜோலீனின் கையில் வைத்தாள். ஐ.சி.யு. நர்ஸ் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று காதோரம் சொன்னாள்.

ஜோலீன் படித்தாள். மூன்றாவது வரி, டெக்ஸ்டர் க்ரீக் மருத்துவமனை, வாரத்துக்குப் பன்னிரண்டு ஆபரேஷன்.

"இது எங்க ஊரு," என்றாள். "அந்த ஆபரேஷன் ரூம்ல கிறிஸ்துமஸ் மரம் வெச்சிருக்காங்க."

அறையில் ஹரோல்டின் மானிட்டர் மட்டும் பீப் பீப் என்றது.

"தற்காலிகமா," என்றார் முதல்வர்.

பேனா அவள் கையில் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் போதும். மூன்று வருஷம் கழித்து அந்த மரத்தை எடுத்து வெளியே வைக்கிற ஆள் அவளாகவே இருக்கலாம். மாமனாரின் கை நினைவுக்கு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது.

"நான் பார்க்கல," என்றாள். "பார்க்காததுக்கு என்னால போட முடியாது."

பார்வையாளர் பெண் முகம் சுளித்தாள். பொய் என்றதால் அல்ல. கோடு காலியாக இருந்ததால். "வேற சாட்சி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். முதல்வர் வலது பக்கம் பார்த்தார். வெண்டி ப்ரோகாப் எழுந்து, ஜோலீனின் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை மெதுவாக உருவினாள். போடும்போது அவள் விரல் அன்றுபோலவே நடுங்கியது. கையெழுத்து என்னவோ அழகாகத்தான் விழுந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்த வெண்டி, "எனக்கும் சீட்டு குடுத்திருக்காங்க, ஜோலீன். என் வயசுக்கு வேற எங்க குடுப்பாங்க?" என்றாள். ஜோலீன் காருக்குப் போனாள். ராஜினாமாக் கடிதத்தை வழியில் பெட்ரோல் பங்கின் குப்பைக் கூடையில் போட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள்.

வசந்தத்தில் கார்வினுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆவணப் பராமரிப்புக்குத் தனிப் பாராட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நான்கு வருஷம் போனது. டெக்ஸ்டர் க்ரீக் மருத்துவமனையில் கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே எடுத்தார்கள். மயக்க மருந்து நர்ஸ் வந்துவிட்டாள் என்று ஊரே கொலாச்சி என்கிற பழம் வைத்த இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனது. மேயர் நாடா வெட்டினார். வெட்டிய இடத்தில் பூங்கொத்தோடு நின்றவள் வெண்டி ப்ரோகாப். கூட்டத்தின் பின்னால் நின்று ஜோலீனும் கை தட்டினாள். தட்டாமல் இருக்க அவளிடம் எந்த ஆவணமும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில், பனிப்புயல் அடித்த ஒரு பகலில், கர்ட்டுக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. பெரிய ஊர்ச் சாலையை மூடிவிட்டார்கள். ஹெலிகாப்டர் பறக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் குடல் அழுகிவிடும் என்று சர்ஜன் சொன்னார். வலியில் வெளுத்துப்போன கர்ட் சம்மதப் படிவத்தில் கையெழுத்தைக் கிறுக்கினான். அதன் கீழே இன்னொரு கோடு இருந்தது. மயக்க மருந்து பற்றி விளக்கப்பட்டது, நான் கண்டேன், சாட்சி. புயலில் பாதி ஊழியர்கள் வரவில்லை. வெண்டி படிவத்தை ஜோலீனிடம் நீட்டினாள்.

ஜோலீன் அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"எத்தனை பேருக்குக் குடுத்திருக்க?"

"அறுநூத்துப் பன்னெண்டு. கோப்புல இருக்கு."

"வெண்டி. எத்தனை பேருக்கு?"

வெண்டி கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பாதிக்கு மேல ஹரோல்ட்தான்," என்றாள். "இங்க வந்தப்பறம் சின்னச் சின்ன கேஸ். வயித்தைத் திறக்கிற கேஸ் இதான் முதல். எனக்குக் கை நடுங்குது, ஜோலீன். நீ உள்ள வந்து பக்கத்துல நில்லேன்."

படிவத்தை அவள் மறுபடி நீட்டினாள். ஜோலீன் அதை வாங்கி, கையெழுத்துப் போடாமல், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"பாத்துட்டுப் போடறேன்," என்றாள்.

ஆபரேஷன் அறையின் மூலையில் கிறிஸ்துமஸ் மரத்தின் ஊசியிலைகள் இன்னும் கொஞ்சம் கிடந்தன. கர்ட் அவளைத் தேடிக் கண்ணைத் திருப்பினான். வெண்டி மருந்தை ஏற்றினாள். அவன் கண் செருகியது. தொண்டைக்குள் மூச்சுக் குழாயை இறக்க வெண்டிக்கு மூன்று முயற்சி வேண்டியிருந்தது. மூன்றாவதில் குழாய் உள்ளே இறங்கியதும் பெருமூச்சு விட்டாள்.

"சீரா இருக்கார், பாரு," என்று திரையைக் காட்டினாள். "எல்லாம் அமைதியா இருக்கு."

தொண்ணூற்றெட்டு என்றது மானிட்டர். ஜோலீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம். ஒரு நிமிடம். எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சர்ஜன் கத்திக்குக் கை நீட்டினார். ஜோலீன் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கர்ட்டின் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, நாடியைத் தேட ஆரம்பித்தாள்.